வெள்ளிக்கிழமை தூக்கிப் போன வலைப்பை

மச்சி,

இன்று காலை பள்ளிக்கூடம் போகிற வழியில், கடற்கரைத் தெருவில் கால் தானாக நின்றுவிட்டது. வலை வைக்கிற வாடிக்கு முன்னால் ஒரு பீப்பாயில் மரப்பட்டை அவித்துக்கொண்டிருந்தார்கள். பருத்தி வலைக்கும் பாய்க் கித்தானுக்கும் ஊட்டுகிற அந்தச் செஞ்சாயத்தின் வாசம். கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் புகை, அடியில் எங்கேயோ கருவாடு. தெருவில் போன மற்றவர்களுக்கு அது வலையின் வாசம். எனக்கு அது கமராவின் வாசம். ஒரு டீச்சர் பீப்பாய்க்குப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்த வலைக்காரர் ஒருவர், "என்ன டீச்சர், ஏதும் விழுந்திட்டா?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு விரைந்து நடந்தேன். இப்போதும் நான் அப்படித்தான். ஒரு சொல் சொல்ல வேண்டிய இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவள்.

என் மாமாவின் மகளே, நீ மௌத்தாகி மண்ணுக்குள் போய் இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, போய்ச் சேராத மடலுக்கு எதற்கு மை என்று விட்டிருக்கிறேன். இன்று பாடம் முடிந்து வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கமரா உன் வீட்டுக்கு வந்த கதையை நீயே எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பாய். கல்லோயாவில் அணை கட்டிய நாட்களில், வேலையைப் படம் எடுத்து வைக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கூடமாட நின்றவர் உன்னைக் கட்டிய மாப்பிள்ளை. துரை தன் ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பெரிய கமராவை அவரிடமே விட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு அறையில் அவர் படக்கடை போட்டார். மரத்தால் செய்த பெட்டி, நான்கு மூலையிலும் பித்தளை, நடுவில் துருத்தி போல விரிகிற கறுப்புத் தோல், பின்னால் ஒரு மங்கல் கண்ணாடி. ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அந்தத் தட்டுகளை வெளிச்சம் படாமல் வைக்கிற மெல்லிய மரக் கூடுகள். மூன்று கால் உள்ள மரத் தாங்கி, உன் உயரத்துக்கு. அவர் இரவும் பகலும் அதைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நீ என் உம்மாவிடம் முறையிட்டாய்.

"எனக்குச் சக்களத்தி வந்திட்டாள் மாமி. மரத்தாலயும் பித்தளையாலயும் செஞ்ச சக்களத்தி."

கடையில் ஆளில்லாத நேரத்தில் நீ அவருக்குச் சோறு கொண்டு போவாய். சோற்றை வைத்துவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பாய். அவர் சொல்லித் தந்தாரோ, நீயாகப் பிடுங்கிக்கொண்டாயோ, ஒரு வருஷத்துக்குள் தட்டுக் கழுவுகிற வேலை முழுதும் உன் அடுப்படிக்குப் பக்கத்து இருட்டறைக்கு வந்துவிட்டது. உனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். மருந்துப் போத்தல்களில் எது எது என்று அறிய, ஒன்றுக்கு ஒரு நூல், இன்னொன்றுக்கு இரண்டு நூல் என்று கட்டி வைத்திருந்தாய்; அந்தக் கணக்கை எனக்கு மட்டும் சொல்லித் தந்தாய்.

நான் பேராதனையில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், நான் உள்ளறைக்குப் போய்விடுவேன். நீ வாசலில் நின்று, "படிச்ச பிள்ளைக்குத் தலையிடி, நாளைக்கு வாங்க" என்று அவர்களை அனுப்பி வைப்பாய். என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் என்பதை நீ ஒருநாளும் மறந்ததில்லை.

மூன்றாம் வருஷ லீவுக்கு நான் வந்தபோது உம்மாவின் ஹஜ்ஜு நிய்யத்து கூடிவந்திருந்தது. வாப்பா உயிரோடு இருந்த காலத்தில் போக வேண்டும் என்று இரண்டு பேருமாக மனதில் வைத்த நிய்யத்து. வாப்பா போன பிறகு, கூடப்பிறந்த தம்பியோடு, அதாவது உன் வாப்பாவோடு போவதென்று முடிவாயிற்று. எங்கள் ஒழுங்கைத் தெருவில் மூலைவீட்டு மாமியும் அவருடைய தங்கச்சியும் தங்கள் ஆண்களோடு அதே கப்பலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். எல்லாம் சரியாகி வரும்போதுதான், பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும் என்று அரசாங்கக் கந்தோரில் சொன்னார்கள். பெண்களுக்கும் வேண்டும். முகம் தெரிய வேண்டும்.

ஆண்கள் கடைக்குப் போய்த் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எடுத்துவிட்டு வந்தார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாட்டுவண்டியைச் சுற்றிச் சேலை கட்டிக்கொண்டு போகிறவர்கள். மௌலவி, தேவைக்கு எடுப்பது ஆகும் என்று சொல்லிவிட்டார். யார் எடுப்பது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"ஹஜ்ஜுக்குப் போறதுக்கு முன்னால ஒரு ஆம்புளைக்கு முகத்தக் காட்டிட்டுப் போ எண்டா, அது என்ன ஹஜ்ஜு?" என்றா உம்மா.

நீ அப்போது எங்கள் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாய். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாய்.

"என்னப் பாத்தா ஆம்புளையாத் தெரியுதா மாமி?"

இப்படித்தான் அது தொடங்கியது. மூன்று பெண்களும் மூன்று நிபந்தனை போட்டார்கள். நீதான் எடுக்க வேண்டும். தட்டையும் நீதான் கழுவ வேண்டும், உன் மாப்பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. கமரா எங்கள் வீட்டு வளவுக்கு வந்து போவது ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. முதல் இரண்டுக்கும் நீ உடனே ஓம் என்றாய். மூன்றாவதைக் கேட்டதும் தாடையைச் சொறிந்தாய். துரை தந்த தோல்பெட்டி மாரி மழையில் பூஞ்சணம் பிடித்து அடி கழன்று போயிருந்தது. அது நன்றாக இருந்திருந்தாலும், அப்படி ஒரு பெட்டி எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்தால் பின்னால் பாதி ஊர் வரும்.

"எங்கட தெருவில ஆரும் திரும்பிப் பாக்காத சாமான் எது கா?" என்று உன் வழக்கமான 'கா'வோடு என்னைக் கேட்டாய். நான் யோசிப்பதற்குள் நீயே சொன்னாய். "வலைப்பை."

உன் வாப்பா கரைவலைக்காரர். வலை முதலாளி கழித்துக் கொடுத்த பழைய கித்தான் பைகள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று அகன்ற வாயுள்ளது, கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். கிழிந்த வலை பொத்துகிற நூலும் மிதப்புக் கட்டைகளும் ஈயக்குண்டுகளும் போட்டுத் தூக்குவது. மற்றது தோணிப் பாயைச் சுருட்டி வைக்கிற நீளப் பை. மரப்பட்டைச் சாயம் ஊறி ஊறி இரண்டும் தோலைப் போலத் தடித்திருந்தன. மழைத்தண்ணீர் மேலே விழுந்து உருண்டு ஓடியது. நீளப் பைக்குள் தாங்கியின் மூன்று காலும் அளந்து தைத்தது போலப் போயின. அன்றைக்கு நீ பட்ட சந்தோஷம், கடலிலிருந்து ஒரு பாரை மீனை நீயே பிடித்து வந்தது போல இருந்தது.

அகன்ற பைதான் உன்னைப் பாடாய்ப் படுத்தியது. முதல்நாள் வெறும் பெட்டியைப் போட்டுப் பார்த்தாய். மறுநாள் காலை பித்தளை பச்சை பிடித்திருந்தது. கித்தானுக்குள் இருந்த கடலுப்பு ஈரத்தை இழுத்துவிட்டது. நெல் அவிக்கிற கிடாரத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று தரம் பையை அவித்தாய். உப்பு போனது, மீன் வாசம் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தாய். சாம்பல் போட்டுத் தேய்த்தாய். வெயிலில் ஒரு கிழமை, ஏழு நாளும் கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஒத்திகை பார்க்க வந்த அன்று உன் பின்னால் மூன்று பூனைகள் வந்தன. ஒன்று பைக்கு மேலேயே ஏறிப் படுத்துக்கொண்டது.

"படம் புடிக்கப் போறியா, மீன் விக்கப் போறியா?" என்று உன் மாப்பிள்ளை கேட்டாராம்.

"ரெண்டும் ஒரே பையில முடிஞ்சா உங்களுக்கென்ன நட்டம்?"

பிறகு மணல். கித்தானின் தையலுக்குள் எவ்வளவு தட்டினாலும் போகாத கடல்மணல். ஒரு துகள் தட்டுக்கூட்டுக்குள் போனால் முகத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழும். அதற்கு நீ மருதமுனைத் தறியில் நெய்த, இடுப்பில் உடுக்கிற நல்ல சாரம் ஒன்றை வெட்டி உள்ளே முழுக்க அடித்தைத்தாய். அந்தச் சாரத்தை உன் மாப்பிள்ளை பெருநாள் காலை வரைக்கும் தேடிக்கொண்டிருந்தார். பன்பாய்த் துண்டுகளைத் தட்டி போலக் குறுக்கே வைத்துப் பெட்டிக்கு ஒரு இடம், தட்டுக் கூடுகளுக்கு ஒரு இடம் என்று பிரித்தாய். கண்ணாடி அடிபடாமல் இருக்க, பையில் முன்பு கிடந்த மிதப்புக் கட்டைகளுக்கே பழந்துணி சுற்றி மூலைகளில் செருகினாய். நான் ஊசியில் நூல் கோத்துத் தந்தேன். அதுதான் என் பங்கு.

என் பங்கு இன்னொன்றும் இருந்தது. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எந்த நாளில் எடுப்பது என்று நாம் பேசியபோது நான் சொன்னேன், "வெள்ளிக்கிழமை எடுப்பம். ஜும்ஆத் தொழுகை நேரம் ஆம்புளைகள் எல்லாரும் பள்ளியில. ஒழுங்கையில காகமும் இராது."

நீ என்னைப் பார்த்தாய். "வெள்ளியா கா?" என்றாய்.

"ஓம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. சரி, வெள்ளி."

நானாக ஒன்றைத் தீர்மானித்துச் சொன்னதும் நீ ஏற்றுக்கொண்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பாங்கு சொல்லி ஒழுங்கை காலியானதும், நீ அகன்ற பையும் நான் நீளப் பையுமாக வந்து சேர்ந்தோம். உள்முற்றத்தில் வெள்ளைச் சேலையைக் கட்டி, அதற்கு முன்னால் முக்காலி போட்டோம். முதலில் மூலைவீட்டு மாமி, பிறகு தங்கச்சி, கடைசியாக உம்மா. உம்மா முக்காலியில் உட்கார்ந்து முக்காட்டைக் காதுவரை விலக்கவே பாதி நேரம் போய்விட்டது.

"சிரிக்கிறதா, வேணாமா?"

"கந்தோர்காரன் பாக்கிற படத்துக்கு என்னத்துக்கு மாமி சிரிப்பு? சும்மா இருங்க." கறுப்புத் துணிக்குள்ளிருந்து உன் குரல் கேட்டது. பிறகு உள்ளே ஒரு சிரிப்பு. "மாமி, இதுக்குள்ள நீங்க தலைகீழா இரிக்கிறீங்க."

உம்மா திடுக்கிட்டுப் போனா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்குள்ள தொழ நிண்டா கிப்லா எந்தப் பக்கம்?" என்று கேட்டா. நீ துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாய். மூலைவீட்டு மாமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினா. உம்மா மட்டும் சிரிக்காமல் பதிலுக்குக் காத்திருந்தா. அந்த முகத்தைத்தான் நீ எடுத்தாய்.

திரும்பும்போது கொஞ்சம் சுணங்கிவிட்டோம். ஒழுங்கை முனைக்கு வரும்போது தொழுகை விட்டு முதல் ஆளாக எதிரே வந்தவர் வலை முதலாளி. வெள்ளைச் சாரம், தோளில் சால்வை, பின்னால் ஐந்தாறு வலைக்காரர்கள். அவர் பார்வை நம்மில் விழவில்லை. பையில் விழுந்தது. அதில் அவருடைய வாடியின் குறி, தாரால் போட்ட வட்டமும் கோடும், மங்காமல் கிடந்தது. அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை எங்கள் கரையில் யாரும் வலையைத் தொடமாட்டார்கள். கடலுக்கும் வலைக்கும் அன்று ஓய்வு. கிழமையில் ஆறு நாள் திரும்பிப் பார்க்க ஆளில்லாத வலைப்பை, அந்த ஒரு நாளில் மட்டும் தெருவில் போனால் குருடனுக்கும் தெரியும். அந்த ஒரு நாளைத்தான் நான் தேர்ந்திருந்தேன். கடற்கரையில் பிறந்து, மூன்று வருஷம் மலைநாட்டில் இருந்ததில் அதை மறந்துபோயிருந்தேன்.

"நில்லு புள்ள. வெள்ளிக்கிழமையில வலையத் தொட்டது ஆரு?"

"வலை இல்ல முதலாளி. இது வாப்பாட பழைய பை. நீங்க கழிச்சுக் குடுத்ததுதான்."

"அப்ப உள்ளுக்கென்ன?"

"பொண்டுகள்ற சாமான்."

பின்னால் நின்ற ஒருவர், "வெள்ளியில வலை போட்டா மீனா படும், பொண்டுகள்தான் படும்" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் வாடியில் ஈயக்குண்டுகள் காணாமல் போயிருந்தன. பையின் அடியைத் தூக்கிப் பாரம் பார்த்தார்.

"பொண்டுகள்ற சாமானுக்கு இந்தப் பாரமா? ஈயத்துக்குத்தான் இந்தப் பாரம். உன்ட வாப்பாவ நம்பி நான் வாடிப் பூட்டுத் திறப்பைக் குடுத்து வெச்சிரிக்கன்."

கயிற்றை இழுத்து வாயைத் திறந்து கையை உள்ளே விட்டார். வெளியே வந்தது ஒரு தட்டுக் கூடு. அதைத் திருப்பிப் பார்த்தார். மூடியின் நுனியைப் பிடித்து இழுத்தார். நடுப்பகல் வெயில். அந்த மூடி விலகினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வாய் இருந்தது. நாலு நூலகங்களில் புத்தகம் எடுத்துப் படித்த வாய். அது திறக்கவில்லை.

நீ கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாய்.

"முதலாளி, அதத் தொறந்தா எங்கட மாமிட ஹஜ்ஜு போயிரும்."

அவர் கை நின்றது. "என்ன சொல்றாய்?"

"உள்ளுக்க மாமிட முகம் இரிக்கி. பாஸ்போட்டுக்கு நான் எடுத்த. மூலைவூட்டு மாமியும் இரிக்கா, அவவிட தங்கச்சியும் இரிக்கா. முக்காட்ட விலக்கிட்டு இரிக்காங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் பேராதனையில் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்க ஏலாது. முதலாளி முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். கூட்டைப் பார்க்காமலே மூடியைத் தள்ளி அடைத்தார். தடவித் தடவிப் பைக்குள் வைத்தார். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து, அதை விரித்து, பைக்குமேல் போர்த்திவிட்டார். உள்ளே இருந்தவை கண்ணாடித் தட்டுகள், அவற்றில் இன்னும் ஒரு கீறுகூடத் தெரியாது என்று அவருக்கு யார் சொல்வது? சொல்லியிருந்தாலும் போர்த்தியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

"ஒதுங்குங்கடா. பொண்டுகள் போறாங்க."

சிரித்த அத்தனை பேரும் வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். வேலியைப் பார்த்தபடியே முதலாளி கேட்டார், "வெள்ளியெண்டு நாள் பாத்தது ஆரு புள்ள?"

"நான்தான் முதலாளி," என்றாய் நீ.

நான் உன் பக்கத்தில் நின்றேன். நாம் நடந்தோம். உன் வீட்டுப் படலைக்கு வந்த பிறகுதான் நீ வாய் திறந்தாய். "பைக்கு இருந்த மரியாதை நமக்கு இருந்ததா பாத்தியா கா?"

அன்று பின்னேரம் இருட்டறைக்குள் நீ தட்டுகளைக் கழுவினாய். கடிகாரம் பார்க்க ஏலாத இருட்டு. உன் மாப்பிள்ளை கதவுக்கு வெளியே, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, "ரெண்டு நிமிஷம்... மூணு நிமிஷம்..." என்று நேரம் சொன்னார். சாத்தியிருந்த கதவுக்கே அவர் முதுகைக் காட்டினார். மூலைவீட்டு மாமி நன்றாக வந்திருந்தா. தங்கச்சியும் நன்றாக வந்திருந்தா. முதலாளி மூடியை இழுத்த கூட்டில் இருந்தது உம்மாவின் தட்டு; அதில் முகம் இருக்க வேண்டிய இடம் முழுதும் கரியாக இருந்தது.

திரும்ப எடுக்கலாம் என்று நீ போய்ச் சொன்னாய். உம்மா தலையை ஆட்டிவிட்டா.

"வேணாம். ரெண்டு பேருட முகமும் இரிக்க, என்ட முகம் மட்டும் அழிஞ்சிருக்கு எண்டா, அல்லா என்னக் கூப்பிடல்ல. தம்பி போகட்டும்."

"மாமி, வெளிச்சம் பட்டதுதான்..."

"வெள்ளியில வலைப்பையத் தூக்கினா இப்பிடித்தான் நடக்கும். கடல்காரன்ட மகள் நீ, உனக்குத் தெரியாதா?"

நீ என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு மூன்று நாள் உம்மா உன்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நீ அனுப்பிய கறியை மூடியபடியே திருப்பி அனுப்பினா. ஐந்து நேரமும் தொழுதா, துஆவுக்குக் கை ஏந்தினதும் உடனே இறக்கினா. விண்ணப்பம் கொடுக்க அந்தக் கிழமைதான் கடைசி. உன் வாப்பா வந்து கெஞ்சிவிட்டுப் போனார். உம்மா ஹஜ்ஜுக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை உடுப்பை எடுத்து, வேறு யாருக்காவது உதவும் என்று வெளியே வைத்தா.

அந்த வெள்ளை உடுப்பைக் கண்ட பிறகுதான் நான் அசைந்தேன். உம்மா கிணற்றடியில் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டிருந்தா. பின்னால் போய் நின்றேன்.

"உம்மா, வெள்ளிக்கிழமை எண்டு சொன்னது மச்சி இல்ல. நான்."

"நீயா?"

"ஓம். அவ கேட்டா, வெள்ளியா எண்டு. நான்தான் ஓம் எண்டன்."

"மூணு வருஷம் பேராதனையில படிச்சு, வெள்ளியில வலையத் தொடமாட்டாங்க எண்டத மறந்திட்டியா?"

"ஓம் உம்மா."

முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உம்மா யோசித்தா. நான் ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"அப்ப இது அல்லாட தடையில்ல. உன்ட மடத்தனம்."

"ஓம்."

"அத முதலே சொல்றதுக்கென்ன? மூணு நாளா நான் அல்லாவோட கோவிச்சுக்கொண்டு இரிக்கன்." மிச்சக் காலையும் கழுவிவிட்டு நிமிர்ந்தா. "போய் அவளக் கூட்டி வா. பையோட வரச் சொல்லு. சாப்பிடாம வரச் சொல்லு."

உன் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் நீ என்னை ஏசினாய். "ஏன் கா சொன்னாய்? மாமிட கோவம் இன்னும் ரெண்டு நாளையில போயிருக்கும்."

"உனக்கு ஏச்சு விழுந்ததே."

"எனக்கு விழுந்தா விழட்டும். தோல் தடிச்ச ஆள் நான்."

அப்போது கேட்டேன், வெள்ளிக்கிழமை ஆகாதென்று உனக்கு முதலே தெரியுமா என்று. நீ பையின் மூலைகளில் மிதப்புக் கட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தாய். கையை நிறுத்தாமல் சொன்னாய்.

"தெரியும். நீ சொன்ன உடனயே தெரியும். ஆனா இவ்வளவு வயசுக்கு நீ ஒரு காரியத்துக்கு நாள் சொன்னது அண்டைக்குத்தான். வாய் தொறந்த பிள்ளைய எப்பிடிக்கா மறுக்கிற?"

"நீளப் பையத் தூக்கு" என்றாய்.

இந்த முறை ஒளிக்காமல், செவ்வாய்க்கிழமை, எல்லாரும் பார்க்க ஒழுங்கையின் நடுவால் போனோம். பைக்குமேல் முதலாளியின் சால்வை கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க உன் வாப்பா போனபோது, ஹஜ்ஜுக்காரர்களின் படம் எல்லாம் எடுத்து முடியும்வரை பையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூடவே, தன் பெண்சாதிக்கும் ஒன்று எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். பூனைகள் அன்றும் வந்தன. உம்மா முக்காலியில் ஏறி இருந்து, கேட்பதற்கு முன்பே முக்காட்டை விலக்கினா. படம் எடுத்து முடித்ததும் உனக்குச் சோறு போட்டு, நீ போதும் என்ற பிறகும் இரண்டு அகப்பை வைத்தா.

உம்மா போய் வந்தா. கப்பலில் ஒரு உத்தியோகத்தன் பாஸ்போட்டையும் முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்து, இது நீங்கள்தானா என்று கேட்டானாம். "உன்ட படம் என்னைவிட வடிவா இரிந்திச்சு, அதான் அவனுக்குச் சந்தேகம்" என்று உனக்குச் சொன்னா. நீ அவ கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தாய்.

அடுத்த வருஷம் என் கடைசிச் சோதனை நாட்களில், ஐந்து நாள் காய்ச்சலில் நீ போனாய். தந்தி பேராதனைக்கு வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கி ஒரு நாள் ஆகியிருந்தது. நான் ஊருக்கு வந்தபோது உன் மாப்பிள்ளை முற்றத்தில் இருந்தார். இருட்டறைக் கதவு திறந்து கிடந்தது. போத்தல்களில் நீ கட்டிய நூல்கள் அப்படியே இருந்தன. எதற்கு எத்தனை நூல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது நான் கல்முனையில் பெண்பிள்ளைகளுக்குப் பூமிசாத்திரம் படிப்பிக்கிறேன். என் வகுப்பில், பின்வரிசையில், நெசவுகாரர் ஒருவரின் மகள் இருக்கிறாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். வருஷத் தொடக்கத்திலிருந்து அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. போன கிழமை, கல்லோயா ஆறு எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். அவள் கையை உயர்த்தினாள். முழங்கை மேசையை விட்டுக் கொஞ்சம்தான் உயர்ந்தது.

"கடல்லயிருந்து மலைக்கு, டீச்சர்."

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரப் போனாள். நான் அவளை நிற்கச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் மலையை ஒரு பக்கமும் கடலை ஒரு பக்கமும் கீறி, அவள் சொன்னபடியே கடலிலிருந்து மலைக்கு ஆற்றைக் கீறினேன். அம்புக்குறியும் அப்படியே போட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சருக்கு என்ன நடந்தது என்று பார்த்தார்கள்.

"சரி, இப்ப தண்ணி இதில போகவேணும். எப்பிடிப் போகும், சொல்லு," என்று கேட்டேன்.

அவள் நீண்ட நேரம் பலகையைப் பார்த்தாள். நானும் காத்திருந்தேன். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏற ஏலாதே டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, என் கையிலிருந்த சோக்கை வாங்கி, அம்புக்குறியை அழித்து மற்றப் பக்கம் திருப்பினாள். கோடு கொஞ்சம் வளைந்தது. அதை நான் திருத்தவில்லை.

மறுநாள் அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள், மச்சி. அதுவும் பிழையான விடைதான்.